நான் காவலிருந்த மூக்குக் கண்ணாடிகள்

1

"அவன் குரல் எனக்கு மறந்துபோச்சுங்க."

காலையில் தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்த என் துணைவி விசாலாட்சி, திரும்பிப் பாராமலேயே இதைச் சொன்னாள். பிரிக்பீல்ட்சில் நாங்கள் குடியிருக்கும் ஒன்பதாம் மாடிச் சமையலறையின் சாளரத்துக்குக் கீழே தொடர்வண்டிப் பாதை செல்கிறது. ஒரு வண்டி வந்து கடந்து, அதன் ஓசை முற்றிலும் அடங்கியதும் அவள் தொடர்ந்தாள்.

"முகம் இருக்கு. நடக்கிறது இருக்கு. கறிவேப்பிலைய தட்டு ஓரத்துல ஒதுக்கி வைக்கிறது இருக்கு. 'அம்மா'ன்னு கூப்பிடுறத மட்டும் நெனச்சுப் பாக்குறேன். வேற யாரோ கூப்பிடுறாங்க."

எங்கள் ஒரே மகன் இளம்பரிதி மறைந்து இவ்வாண்டோடு இருபத்து நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. மறையும்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. நிழற்படங்கள் இருக்கின்றன. அந்நாளில் எல்லார் கையிலும் இப்போது இருப்பதுபோன்ற கைப்பேசி இல்லை. திருமண வீடுகளில் காணொளி எடுப்பவர் வந்தால் அவன் நழுவிவிடுவான். ஆகவே அவன் பேசியது எங்கும் பதிவாகவில்லை என்று உறவினரிடம் சொல்லிவந்திருக்கிறேன்.

அது முழு உண்மையன்று. அவன் குரல் பதிந்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைக் குப்பை லோரியில் ஏற்றியவன் நான். விசாலாட்சிக்கு அது தெரியும். இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அவள் அதனை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அன்று காலையிலும் சொல்லவில்லை. குவளைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு போனாள்.

2

திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றிக்கொண்டிருந்த நான், முப்பத்தெட்டாம் வயதில் கோலாலம்பூர் வந்தேன். பள்ளிப் பாடநூல்கள் அச்சிடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பணி. மூன்றாண்டு ஒப்பந்தம் என்பதால் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளைக் கட்டிலின் கீழேயே, கைக்கு எட்டும்படி, வைத்திருந்தோம். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று ஆண்டுகள் முப்பத்தேழு ஆகிவிட்டன.

பதினாறாம் வயதில் அவன் கறுப்புச் சட்டை அணியத் தொடங்கினான். எங்கள் ஊரில் கறுப்பாடை இரு சாராருக்கே உரியது: கடவுள் இல்லை என்போர் ஒரு சாரார், மலைக்கு மாலை போட்டோர் மறு சாரார். விசாலாட்சி இரண்டாவதை நம்பினாள். "சொல்லாம கொள்ளாம மாலை போட்டுட்டானே, நேத்து மீன் கொழம்பு வச்சேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சட்டையின் முன்புறம் எலும்புக் கூடு ஒன்று குதிரை மேல் அமர்ந்திருந்ததைப் பார்த்த பிறகே அவளுக்கு ஐயம் வந்தது.

அவன் கேட்டுவந்த இசையை ஹெவி மெட்டல் என்கிறார்கள். என் வழக்கப்படி அதற்கு 'வன்னுலோக இசை' என்று தமிழில் பெயர் வைத்தேன். பல்லாண்டுகளுக்குப் பின் அவன் தோழன் சுரேஷிடம் அதைச் சொன்னபோது, "பழைய இரும்புக் கடை போர்டு மாதிரி இருக்கு லா அங்கிள்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்நாளில் எனக்கு அது தகரக் கொட்டகையை யாரோ பிரித்துப்போடும் ஓசையாகவே கேட்டது. பாடுபவர் பாடுவதில்லை, அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். மகனின் அறைக் கதவைத் தட்டி நான் நாள்தோறும் சொல்லிய சொல் ஒன்றே: "சத்தத்தைக் குறை."

மாலை வேளைகளில் நான் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் நடத்தினேன். தொலைவிலுள்ள தோட்டங்களிலிருந்து வரவியலாத பிள்ளைகளுக்காகப் பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து கொடுப்பேன். ஒரு தொடரைத் தெளிவாக ஒலித்துவிட்டு, 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று கூறிச் சிறிது இடைவெளி விடுவேன். அந்த இடைவெளியில் பிள்ளை தானாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பதிந்தது அழியாதிருக்க, நாடாவின் மேல்விளிம்பிலுள்ள சிறு தகட்டை உடைத்துவிடுவது வழக்கம். உடைந்த பள்ளத்தின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டினால் மீண்டும் பதியலாம் என்பதை நான் அறியேன். என் மகன் அறிந்திருந்தான்.

அப்போது நாங்கள் அச்சகத்தின் பின்புறக் குடியிருப்பில் இருந்தோம். அடுத்தாற்போல் காகிதக் கிடங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் நடத்தச் சென்றதும், அவனும் கிள்ளானிலிருந்து வரும் நண்பர்கள் இருவரும் கிடங்கினுள் முரசும் கித்தாரும் வைத்துப் பயிற்சி செய்வார்களாம். அதைப் பதிவுசெய்ய என் பாட நாடாக்களை எடுத்திருக்கிறார்கள். ஒரு தோட்டத்துத் தந்தை ஒரு நாள் நாடாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "சார், பாடம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு. நடுவுல பேய் வந்து கத்துது. புள்ள தூங்க மாட்டேங்குது."

நான் மகனிடம் விளக்கம் கேட்கவில்லை. கெட்டுப்போனவற்றையும் கெடாதவற்றையும் பிரித்துப் பார்க்கவும் இல்லை. பெட்டியோடு தூக்கிச் சென்று லோரியில் போட்டேன். அவன் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பின்பு எஞ்சிய மூன்றாண்டுகளில் அவன் என்னிடம் பேசியவை, சாப்பாடு ஆயிற்றா என்ற வினாவுக்கு உரிய விடைகளே.

3

கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையில், மழையில் அவன் போனான். பிற்பகல் நான்கு மணி. இதற்குமேல் இதுபற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அவன் நண்பர்கள் சுரேஷும் ஹாஃபிசும் வீட்டுக்கு வந்தனர். சுரேஷ் முரசு அடிப்பவன். துறைமுகத்தில் சரக்கு லோரிகளை அனுப்பும் பணி. ஹாஃபிஸ் கித்தார் வாசிப்பவன். மலாய்க் குடும்பத்துப் பிள்ளை, கிள்ளானில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழைத் தாய்மொழிபோல் பேசுவான். பரிதியின் நினைவாகக் கிள்ளானில் ஒரு கச்சேரி வைத்திருக்கிறோம், வர வேண்டும் என்றனர். நான் கதவைத் திறந்தபடியே நின்று மறுத்தேன். ஆண்டுதோறும் வந்தார்கள், ஆண்டுதோறும் மறுத்தேன். பத்தாம் ஆண்டில் உள்ளிருந்து விசாலாட்சியின் குரல் வந்தது: "போய்ட்டு வாங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க."

டயர்க் கடை ஒன்றின் மேல்மாடிக் கூடம் அது. கறுப்புச் சட்டையில் இருநூறு பேர் இருந்திருப்பர். தமிழர், மலாய்க்காரர், சீனர் எனப் பிரித்தறிய முடியாதபடி வியர்வையில் ஒன்றாகியிருந்தனர். முதலில் வேறொரு குழுவின் இசை தொடங்கியதும் மேடைமுன் ஒரு வட்டம் உருவாகி, அதனுள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிச் சுழன்றனர். நான் வாயிலருகே ஒரு நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தேன். ஒருவன் வழுக்கி விழுந்தான். மிதித்துவிடுவார்கள் என்று நான் எழுந்தேவிட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் நான்கு பக்கமிருந்தும் கைகள் நீண்டு அவனைத் தூக்கி நிறுத்தின, ஒருவன் அவன் சட்டையைத் தட்டிவிட்டான், சுழற்சி தொடர்ந்தது.

"விழுந்தா தூக்கணும் அங்கிள். அதான் ரூல். யாரா இருந்தாலும்," என்றான் சுரேஷ்.

நெடுஞ்சாலைக்கு அந்த விதி இல்லை என்று எண்ணினேன்.

அன்று அவர்களுக்கு முப்பத்திரண்டு வயது. வட்டத்துக்குள் இறங்கும்முன் சுரேஷ் தன் பணப்பையையும் கைப்பேசியையும் என் மடியில் வைத்து, "பாத்துக்குங்க அங்கிள்" என்றான். அதைக் கண்டு ஹாஃபிஸ் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்தான். அறிமுகமில்லாத ஒரு சீன இளைஞர் தன் மூக்குக் கண்ணாடியைத் தந்து, "அங்கிள், தோலோங்" என்று உதவி கேட்டார். நான் கொண்டுசென்ற துணிப்பை நிறைந்துவிட்டது. மறு ஆண்டு பெரிய பையாக எடுத்துச் சென்றேன். அவ்வாறு பதினான்கு ஆண்டுகளாக இக்கூட்டத்தின் உடைமைக் காவலன் நான். என் பெயர் அங்கு எவருக்கும் தெரியாது. 'பேக் அங்கிள்' என்கின்றனர்.

4

ஓர் ஒப்புதலை இங்கே எழுதிவிடுகிறேன். நான் அங்குச் செல்வது இசைக்காக அன்று, நினைவஞ்சலிக்காகவும் அன்று. அந்த நண்பர்கள் எப்படி முதுமை எய்துகிறார்கள் என்று பார்க்கச் செல்கிறேன். நிழற்படத்திலுள்ள என் மகனுக்கு இருபத்திரண்டு வயதுதான். ஒரு நரைகூட இல்லை. சுரேஷின் முன்னெற்றி ஏறியபோது பரிதிக்கும் ஏறியிருக்கும் என்று கணித்தேன். ஹாஃபிசுக்குத் தொந்தி விழுந்தபோது, என் தந்தைக்கு விழாத தொந்தி பரிதிக்கும் விழுந்திராது என்று வழக்காடினேன். இல்லாத ஒருவனின் முதுமையை இருப்பவர்களின் உடலில் படித்துவருகிறேன்.

பையில் விழுந்த பொருள்களே இதற்குச் சான்று. முதலிரண்டு ஆண்டுகள் சங்கிலிகள், தீப்பற்றிகள். பின்பு கார்ச் சாவிகள் வந்தன. ஓராண்டு சுரேஷ் ஒரு பால் போத்தலைத் தந்தான். குழந்தை மனைவியோடு கீழே காரில் இருந்தது. மூக்குக் கண்ணாடிகள் பெருகின. ஒருவரிடமே இரண்டு, தொலைவுக்கு ஒன்று, படிக்க ஒன்று. பின்பு காலை, மாலை என்று எழுதிய மாத்திரைப் பெட்டிகள். மூன்றாண்டுகளுக்கு முன் ஹாஃபிஸ் தன் வலக்காதிலிருந்து பயறளவு ஒரு கருவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். "இத மட்டும் பைக்குள்ள போடாதீங்க அங்கிள். கையிலயே வச்சிருங்க. மனைவிக்கு நான் கேக்கலன்னா கோவம் வரும்."

தாங்கள் வாசிக்காத வேளைகளில் அவர்கள் நிற்குமிடமும் பின்வாங்கியது. முதலில் மேடையின் கம்பியைப் பிடித்து நின்றவர்கள், நாற்பதை எட்டியபோது கூடத்தின் நடுவில் நின்றனர். பிறகு ஒலிக்கட்டுப்பாட்டு மேசையருகே. "அங்கதான் சவுண்டு சரியா கேக்கும் அங்கிள்" என்று காரணம் சொன்னார்கள். மேசையருகே சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்ததை நானும் கவனித்தேன். கறுப்புச் சட்டையைக் காரிலேயே வைத்திருந்து, வாகன நிறுத்துமிடத்தில் மாற்றிக்கொண்டு வந்தனர். முழங்கால் உறை, காதடைப்பான் ஆகியவை சேர்ந்தன. நெரிசலில் சிக்காமலிருக்கக் கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பும் வழக்கமும் வந்தது.

சுவையும் மாறியது. எத்துணை விரைவோ அத்துணை சிறப்பு என்றிருந்தவன் சுரேஷ். இப்போது மந்தமாக, கனமாகச் செல்லும் பாடல்களையே நாடுகிறான். "வேகமா அடிச்சா நெஞ்சு படபடங்குது. டாக்டர் சொல்றாரு டென்ஷனாம். மெதுவா அடிச்சாலும் பாரம் இருக்கணும், அவ்ளோதான்." ஹாஃபிஸ் இடையே எட்டாண்டுகள் இவ்விசையை முற்றாகத் துறந்தான். சமயக் கல்வி பயின்றான், கித்தாரை விற்றான். பின்பு ஒரு நாள், விற்றவரிடமே சென்று அதைத் திரும்ப வாங்கிவந்தான். ஏன் என்று கேட்டேன். "தெரியல அங்கிள். கை சும்மா இருக்கும்போதும் விரல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு." இப்போது அமர்ந்தபடிதான் வாசிக்கிறான்.

இளையோரின் புதிய குழுக்களைப் பற்றி இவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு நாணம் வருகிறது. "சத்தம் இருக்கு, சரக்கு இல்ல." "எங்க காலத்துல கேசட் தேடி பெட்டாலிங் ஜெயா வரைக்கும் பஸ்ல போனோம், இவனுங்க படுத்துக்கிட்டே கேக்குறானுங்க." நாற்பதாம் வயதில் புதுக்கவிதையாளரைப் பற்றி நான் மேடையில் முழங்கியவையும் இவையே. சுரேஷின் மகள் கொரியப் பாடல்களை விரும்புபவள். தந்தையின் இசைக்கு அவள் சூட்டியுள்ள பெயர் 'தாத்தா பாட்டு'. "என்னைப் பார்த்து எங்கம்மா காதைப் பொத்துனாங்க, இப்ப எம்பொண்ணு பொத்துறா. நடுவுல எப்ப அங்கிள் நான் நல்லா இருந்தேன்?" என்று கேட்டான்.

5

குரல் மறந்துபோயிற்று என்று விசாலாட்சி சொன்ன மறுவாரம், நிரந்தரவாசிகளுக்குரிய என் சிவப்பு அட்டையை மாற்றிக்கொள்ள ஓர் அலுவலகம் சென்றேன். எண் சீட்டு, நாற்காலி, படிவம். முப்பத்தேழு ஆண்டுகளில் இத்தகைய படிவங்களை எத்தனையோ நிரப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் எழுதுகோல் நின்றுவிடும். இல்லை என்று எழுதக் கை வருவதில்லை. அன்றும் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதி, வயதுக்கு எதிரே 22 என்று எழுதினேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அன்பானவர். என் முதுமையைக் கருதி எழுந்து நின்றே பேசினார். படிவத்தில் விரலை வைத்து, "அங்கிள், உமூர் சாலா நீ" என்றார். வயது தவறாம். பிறந்த ஆண்டைக் காட்டி, விரல்விட்டுக் கணக்கிட்டு, "எம்பாட் புலூ எனாம்," நாற்பத்தாறு, என்று புன்னகைத்தார். நான் தலையசைத்தேன். அவர் என் 22-ஐ அடித்து, 46 என்று தம் அழகிய கையெழுத்தில் எழுதினார்.

அவன் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் பிறர் எழுத்துப் பிழையைத் திருத்திப் பிழைத்தவன் நான். அந்தத் திருத்தத்தைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இந்நாட்டின் ஒரு தாளில் என் மகனுக்கு அன்று நாற்பத்தாறு வயது நிரம்பியது. தலை நரைத்திருக்கும். வட்டத்துக்குள் இறங்காமல் சுவரோரம் சாய்ந்து நின்றிருப்பான். படிக்கும் கண்ணாடியை என்னிடம் தந்திருப்பான். தொடர்வண்டியில் திரும்பும்போது அவனை முழுமையாக என்னால் காண முடிந்தது. அவன் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

அக்குரலை மறந்தது விசாலாட்சி மட்டுமல்லள், நானும்தான் என்பதை அந்தப் பயணத்தில்தான் அறிந்தேன்.

6

இவ்வாண்டுக் கச்சேரி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. முன்பெல்லாம் பொழுது சாய்ந்த பின் தொடங்கும். இப்போது மறுநாள் வேலை, பிள்ளைகளின் வகுப்பு, முதுகுவலி எல்லாவற்றையும் எண்ணிப் பகலுக்கு மாற்றிவிட்டனர். படியேறியதும் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. கூடம் முழுவதும் நாற்காலிகள், வரிசை வரிசையாக.

என் வழக்கமான இடத்தில் பையை மடியில் விரித்து அமர்ந்தேன். ஒவ்வொருவராக வந்தனர். கை குலுக்கினர், தோளைத் தொட்டனர், "பேக் அங்கிள், சேஹாட்?" என்று நலம் கேட்டனர். உள்ளே சென்று அமர்ந்தனர். எவரும் எதையும் தரவில்லை. குதிக்காதவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்ற என்ன தேவை? பை என் மடியில் வெறுமையாகவே கிடந்தது.

வழக்கம்போல் பரிதி எழுதிய ஒரே பாடலை இடையில் வாசித்தனர். அந்நாளில் அதைப் பாடியவன் அவனே, ஆகவே அதற்கு மட்டும் பாடுபவர் இல்லை. ஒலிவாங்கி தனியே நிற்கும், கூட்டமே உறுமும். முன்பு எல்லாருக்கும் மனப்பாடம். இவ்வாண்டு பாதிப்பேர் கைப்பேசியைக் கைநீட்டித் தொலைவில் பிடித்து, கண்களை இடுக்கி, வரிகளைப் படித்து உறுமினர். சிலர் ஒரு வரி பிந்தினர்.

அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் இசை நின்றது. இங்கு எப்போதும் அவ்வாறே. மின்கருவிகளின் இரைச்சலைக்கூட அணைத்துவிடுவார்கள். தொழுகைக்குச் சென்றோர் திரும்பும்வரை ஏனையோர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பர். ஹாஃபிஸ் கை கால்கள் ஈரமாகத் திரும்பியபோது, சுரேஷுடன் அவனை அருகழைத்தேன். அவர்களுக்கு என் பேச்சு வானொலிச் செய்திபோல் இருக்குமாம். அவ்வாறே கேட்டேன்.

"பரிதியின் குரல் பதிந்தது ஏதேனும் உங்களிடம் உண்டா? அவன் அம்மாவுக்கு வேண்டும்."

ஹாஃபிஸ் சுரேஷைப் பார்த்தான். சுரேஷ் தரையைப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா," என்றான் சுரேஷ்.

"ஒண்ணு இருக்கு அங்கிள். எங்கம்மா வீட்டுல, பிஸ்கட் டின்னுல. ஸ்டோர்ல ஜாம் பண்ணது." கிடங்குப் பயிற்சியைச் சொல்கிறான் என்று புரிந்தது. "ஆனா அது… உங்க கேசட் அங்கிள். மேல உங்க கையெழுத்துல 'பாடம் ஏழு'ன்னு இருக்கு."

"இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை?"

"பயம் லா. பரி சொல்லுவான், 'எங்கப்பா கேசட்ட திருப்பிக் கேட்டாருன்னா செத்தோம்'னு."

"நாப்பத்தாறு வயசு, மூணு புள்ள. இன்னும் உங்களுக்குப் பயப்படுறான் பாருங்க," என்றான் சுரேஷ்.

"நீதானடா 'சொல்லாத, சொல்லாத'ன்னே!"

"அது அப்ப லா. இப்பவும் கொஞ்சம்."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு முதலில் நின்றது என்னிடம். அவர்கள் என்னிடம் அஞ்சிய அச்சம் அவனுடையது. அதை அவன் இவர்களிடம் விட்டுச்சென்றிருக்கிறான். இவர்களும் இழக்காமல் காத்துவந்திருக்கிறார்கள்.

7

இரு வாரங்களுக்குப் பின் சுரேஷிடமிருந்து கைப்பேசியில் ஒலிக்கோப்பு வந்தது. உடன் அவன் பேசிய செய்தி: "அங்கிள், கடையில குடுத்து மாத்தியாச்சு. நானும் ஹாஃபிசும் ரெண்டு தடவ கேட்டோம். பாட்டு நாலு இருக்கு. பேச்சு எதுவும் இல்ல அங்கிள். கடைசில உங்க பாடம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. சாரி அங்கிள்."

மின்தூக்கியருகே நின்று, கைப்பேசியைக் காதில் அழுத்திக் கேட்டேன். தகரக் கொட்டகை பிரிந்து விழுந்தது. உறுமல் வந்தது. அந்த உறுமலில் என் மகனைத் தேடினேன். அங்கு எவரும் இல்லை, ஒரு விலங்கு இருந்தது. குரலை மறந்த தாயிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதெப்படி? மூன்று நாள் சொல்லாமலிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் அவளே கேட்டாள். "சுரேஷ் ஏதோ அனுப்பியிருக்கான்ல? லிஃப்டுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களே."

"அதுல ஒண்ணும் இல்ல, விசாலம். வெறும் சத்தம்."

"சத்தம்னா சத்தத்தப் போடுங்க."

சமையலறை மேசைமேல் கைப்பேசியை வைத்து இயக்கினேன். அவள் ஈரக் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு எதிரே அமர்ந்தாள். நான்கு பாடல்களையும் காதைப் பொத்தாமல், முகம் சுளிக்காமல், கோயிலில் அமர்ந்திருப்பவள்போல் கேட்டாள். நான்காவது பாடல் முடிந்து, வெண்கலத் தட்டின் அதிர்வு தேய்ந்துகொண்டிருந்தது. அவள் தலை நிமிர்ந்தாள்.

"திருப்பிப் போடுங்க."

போட்டேன்.

"இன்னொருவாட்டி."

போட்டேன். எனக்கு அரிசி களைவதுபோன்ற இரைச்சல் மட்டுமே கேட்டது. முப்பது ஆண்டுகள் முரசருகே இருந்த சுரேஷின் செவிக்கும், கருவி பொருத்திய ஹாஃபிசின் செவிக்கும், என் எழுபத்தைந்து வயதுச் செவிக்கும் எட்டாத ஒன்று அவளுக்கு எட்டியது. ஒன்பதாம் மாடியிலிருந்து கீழ்வாசலில் நான் செருமுவதைக் கேட்டுத் தேநீர் வைப்பவள் அவள்.

"பேசுறான்," என்றாள். "மெதுவா, அவசரமா. 'டேய், அப்பா வராரு, நிறுத்து, நிறுத்து'ங்கிறான்."

அவ்விடத்தை எத்தனை முறை திரும்பத் திரும்ப இயக்கினேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் அச்சொற்கள் கடந்துபோவதைக் கண்டேன். எனக்கு இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை, பாடம் முடித்து, கிடங்கை நோக்கி நான் நடந்துவரும் காலடியும் அந்த இரைச்சலுக்குள் எங்கோ இருக்க வேண்டும்.

"குரல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்தாள், இதழோரம் சிரிப்பும் இருந்தது.

"உங்க குரல் மாதிரியே இருக்குங்க. அந்த வயசுல நீங்க பேசுற மாதிரியே. தெனமும் உங்களக் கேட்டுக்கிட்டே இருந்ததுல, அவனோடத தனியா எடுத்து வச்சுக்கத் தெரியல போல எனக்கு."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் சட்டென அறுபட்டு, அவன் அழிக்காமல் விட்ட மிச்சப் பாடம் தொடங்கியது. நாற்பது வயதைக் கடந்த ஒருவன் அழுத்தந்திருத்தமாக ஒரு தொடரைச் சொன்னான். 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்றான். பின்பு, பிள்ளை சொல்வதற்கான இடைவெளி வந்தது.

பழக்கத்தால் என் கை கைப்பேசியை நோக்கி நீண்டது.

"நிறுத்தாதீங்க," என்றாள்.